தோளுக்கு அவசரம் ஆகாது

பொங்கல் வந்தால் திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி களைகட்டும். 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை உருண்டைக் கற்கள். குத்தவைத்து உட்கார்ந்து, கல்லை அணைத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் சுமந்து பின்பக்கம் போட வேண்டும். பெண்களும் களம் இறங்குகிறார்கள். அந்தக் கற்களின் வரிசையைப் பார்த்தாலே ஒன்று புரியும். பெரிய கல்லுக்குப் போகும் வழியில் சின்னக் கற்கள் பல இருக்கின்றன.

அங்கிருந்து வடகிழக்காகத் தூத்துக்குடிக்கு வந்தால், பாரம் தூக்குவது பிழைப்பு. வ.உ.சி. துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. பெரும்பகுதியைக் கிரேனும் கன்வேயரும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளிலும் குடோன்களிலும் இன்னும் மனிதத் தோள்தான் வேலை செய்கிறது. உப்பளங்களில் பெண்கள் சும்மாடு வைத்துத் தலையில் உப்பு சுமக்கிறார்கள். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும், சங்குக்காக முங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடம்பை முதலாகப் போட்டு வாழும் கரை இது.

இந்தக் கரையின் பிள்ளைகள் சாயங்காலமானால் ஜிம்முக்குப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். அங்கே நெஞ்சுக்கு அடுத்து எல்லாருக்கும் ஆசை தோள் மேல். நின்றபடி பாரைத் தோளிலிருந்து தள்ளி, தலைக்கு மேல் முழங்கை நேராகும்வரை கொண்டுபோகும் ஓவர்ஹெட் பிரஸ்தான் அந்த ஆசைக்கான பயிற்சி. பெரிய தொடைத் தசைகளை நம்பும் ஸ்குவாட்டையோ டெட்லிஃப்டையோ போல இது வேகமாக ஏறாது. சிறிய தசைகளின் வேலை என்பதால் கிலோ கிலோவாகத்தான் கூடும். பல மாதங்கள் ஒரே எடையில் நிற்பதும் சகஜம். அதனால் வரும் பொறுமையின்மையைக் குறிவைத்துத்தான் பவுடரும் ஊசியும் தப்பான பயிற்சியும் விற்கப்படுகின்றன. பையனின் தோளுக்கும் பணத்துக்கும் சேர்த்து ஆபத்து அங்கே ஆரம்பிக்கிறது.

கையை முழுதாக மேலே தூக்க 180 பாகை அசைவு வேண்டும். அதில் ஏறக்குறைய 120 பாகையைத் தோள்மூட்டு தருகிறது. மீதி 60 பாகை முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. நான்கு சிறிய தசைகள் சுற்றி நின்று இழுத்துப் பிடிப்பதால்தான் பந்துபோன்ற எலும்பு முனை அந்தக் குழியில் தங்குகிறது. கண்ணாடியில் தெரியும் உருண்டைத் தோள் தசையை எல்லாரும் கவனிக்கிறார்கள். உள்ளே இருக்கும் இந்த நான்கை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் கிழிவது இவற்றின் தசைநாண்கள்தான். சில வாரப் பயிற்சியிலேயே தசைக்குப் பலம் கூடிவிடும். தசைநாண் பழக மாதக்கணக்கு ஆகும். ‘என்னால முடியுதே’ என்று பையன் நினைக்கும் நேரத்தில் நாண் இன்னும் தயாராகாமல் இருக்கலாம்.

இடுப்பின் கதை வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை பளுதூக்குதலில் பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று மூன்று தூக்குகள் இருந்தன. மியூனிக்கோடு பிரஸ்ஸை எடுத்துவிட்டார்கள். எடை கூடக்கூட வீரர்கள் முதுகைப் பின்னால் வளைத்து, நெஞ்சை மேலே காட்டித் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். எது சரியான பிரஸ், எது ஏமாற்று என்று நடுவர்கள் ஒருமித்துச் சொல்ல முடியாத நிலை. கீழ்முதுகு பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. உலகத்தரமான வீரர்களுக்கே அப்படியென்றால், மூன்று மாதமாகப் பயிற்சி செய்கிறவரின் முதுகு வளைவதில் வியப்பில்லை. புட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி நின்றும் இடுப்பு வளைகிறதென்றால் அன்றைக்கு அந்த எடை அதிகம். பிளேட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

சரியாக வளர்ப்பது எப்படி? வெறும் பாரே ஆண்களுக்கானது 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. புதிதாக வருபவருக்கு அதுவே கனமாக இருந்தால் டம்பெல்லில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று முதல் ஐந்து செட், செட்டுக்கு ஐந்து முதல் எட்டு முறை, இன்னும் ஒன்றிரண்டு தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துவது. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். எல்லா முறையும் சுத்தமாக வந்தபிறகே எடை கூட்ட வேண்டும். பாரைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கித் தள்ளுவது தோளை அதன் எல்லைக்கே திருப்பும். மூட்டு இறுகிப்போனவர்கள் தவிர்ப்பது நல்லது. தள்ளும் அளவுக்கு இழுக்கும் பயிற்சியும் வேண்டும். ரோயிங், புல்-அப் செய்யாத தோள் முன்பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடும்.

எடை கூட்டுவதில் பல ஜிம்களில் ஒரு குறை உண்டு. அங்கே இருக்கும் மிகச் சிறிய பிளேட்டே 2.5 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ. 30 கிலோ தள்ளுகிறவருக்கு அது ஆறில் ஒரு பங்கு. அரைக் கிலோ, ஒன்றேகால் கிலோ பிளேட்டுகள் வாங்கி வைக்கும்படி கேட்பது பணம் கட்டுகிறவரின் நியாயமான கோரிக்கை.

பகல் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு ராத்திரி ஜிம்முக்கு வரும் லோடுமேனுக்கு ஒரு வார்த்தை: தோள் அன்றைய வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டது. பிரஸ் பயிற்சியை வேலையில்லாத நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சடக்கிக் கனம் தூக்கக் கூடாது. மூச்சை அடக்கித் தள்ளும்போது அழுத்தம் சட்டென்று எகிறும்.

எடையைக் குறைப்பது அவமானம் என்று நினைப்பவர்கள் வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கத்தைப் பார்க்கலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். பிறகு தேசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடைத் தசையில் காயம். 2018-இல் கோல்ட் கோஸ்டில் முழுத் தேறுதல் இல்லாமலே மேடையேறினார். அன்று அவர் தூக்கிய மொத்தம் 317 கிலோ, முந்தையதைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கமே கிடைத்தது. பயிற்சியாளர், மருத்துவர், முகாம் எல்லாம் இருந்தும் காயம் வந்தது. உடம்பு தாங்கும் எடையைத் தேர்ந்தெடுத்ததால் பதக்கமும் வந்தது.

கையைப் பாதிவரை தூக்கும்போது மட்டும் சுருக்கென்று வலிப்பது, வலிக்கும் பக்கமாகப் படுக்க முடியாமல் ராத்திரி விழிப்பது, கையைத் தூக்கவே பலமில்லாமல் போவது, விரல் மரத்துப்போவது ஆகியவை எலும்பு மருத்துவரிடம் போகவேண்டிய அடையாளங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது, வலி மரக்க ஊசி போட்டுக்கொண்டு அடுத்த செட்டுக்குப் போவது ஒரு சின்னக் கிழிசலைப் பெரிதாக்கும் வேலை.

அடுத்தது பவுடர். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைக் கேரள மருத்துவர்கள் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் டப்பாவில் அச்சிட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும்கூடச் சிலவற்றில் அகப்பட்டன. அதே ஆண்டு வெளிவந்த ஐசிஎம்ஆர் – தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, உடல் பெருக்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது. முத்துநகர்க்காரர்களுக்கு இதில் ஏக்கம் எதற்கு? நூறு கிராம் சாளையிலோ நெத்திலியிலோ சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். பவுடர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண்ணைப் பார்த்து, பில்லோடு வாங்கட்டும்.

ஊசி இதைவிடக் கொடியது. டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்டு தசையை வீங்கவைக்கும். நாணை அதே வேகத்தில் பலப்படுத்தாது. கல்யாணத்துக்கு முன்பே விரை சுருங்குவது, விந்தணு குறைவது, மார்பு பெண்களைப்போல வளர்வது, கல்லீரல் கெடுவது, நல்ல கொழுப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படுவது எல்லாம் மருத்துவ நூல்களில் பதிவானவை. ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் சேர்ந்து வரலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது விழும் இரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கான மெஃபன்டர்மின் மருந்தையும் ‘களைப்பு தெரியாது’ என்று சொல்லி ஜிம்களில் ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்காகக் கைதுகள் நடந்திருக்கின்றன. இதைக் கொடுப்பவர் பெரும்பாலும் பையன்கள் நம்பும் ‘மாஸ்டர்’ என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் மருந்து விற்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஜிம் மாஸ்டருக்கும் இது பொருந்தும். மருந்து ஆய்வாளரிடமோ காவல் நிலையத்திலோ யாரும் புகார் தரலாம். காலி மருந்துக் குப்பியையும் பணம் அனுப்பிய ஜிபே ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் சாட்சி. போட்டிக்குத் தயாராகும் இளைஞர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கமான தடை நான்கு ஆண்டுகள். ‘மாஸ்டர் கொடுத்தார்’ என்ற பதில் அங்கே காப்பாற்றாது.

கலப்படப் பவுடருக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் கட்டி அந்தப் பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம்; தரமில்லை என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். அந்த உணவால் உடல்நலம் கெட்டிருந்தால் நஷ்டஈட்டுக்கும் இதே சட்டத்தில் வழி உண்டு.

ஜிம் ஒரு சேவை. பணம் கட்டியவர் நுகர்வோர். ஓராண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதம் மூடிவிட்டாலும், துருப்பிடித்த கம்பி அறுந்து விழுந்தாலும், கற்றுத்தர ஆளில்லாமல் எடை ஏற்றச் சொல்லிக் காயம் ஆனாலும் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை, பில்லில் வேறு கெடு இல்லையென்றால், 30 நாளுக்குள் திருப்பித் தராததும் அப்படித்தான். ‘காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது.

தோள் கிழிவது ஜிம்மில் மட்டும் நடப்பதில்லை. வயதுவந்த ஆண் தொழிலாளர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு முதலாளி செலவில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையை உறுதி செய்கின்றன. வேலையில் காயம்பட்டால், ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லி முதன்மை நிறுவனம் கை கழுவ முடியாது. அமைப்புசாராச் சுமைப்பணியாளர்கள் 18 முதல் 60 வயதுக்குள் தமிழ்நாட்டு நலவாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவி உண்டு. பதியாத அண்ணன்மார் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் அரைநாள் ஒதுக்கினால் அந்தப் பதிவு முடிந்துவிடும்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் அடுத்த முறை பணம் கட்டும்போது பில்லைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குச் சொல்லித்தருபவர் எங்கே படித்தார் என்றும் கேளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.