காற்று எங்கே போகிறது?

மாணவர்களே, கெடா தோட்டங்களிலும் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் போன்ற பட்டணங்களிலும் கம்பிச் சக்கரம் கொண்ட பழைய ஹோண்டா கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் ‘கப்சாய்’ என்று அழைக்கும் வண்டிகளுக்கு, 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்தான் முன்னோடி.

அந்த வண்டியில் ஒரு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்தால் புதன்கிழமை பின்சக்கரம் தளர்ந்துவிடுகிறது. ஆணி எதுவும் தைக்கவில்லை. பிறகு காற்று எங்கே போகிறது?

பின் டயரில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சுமார் 200 கிலோபாஸ்கல் அதிகம். அதாவது உள்ளே இருப்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. காற்று அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே நகரும். ஒரு மயிரிழை வழி கிடைத்தாலும் போதும். கம்பிகளை முடுக்குவதற்காக ரிம்மில் பல துளைகள் உள்ளன. அதனால் ரிம்மால் காற்றைத் தேக்க முடியாது. ஆகவே டயருக்குள் டியூப் வேண்டும்.

சோதனையை எளிதானதிலிருந்து தொடங்குங்கள். வால்வு மூடியைக் கழற்றி, வாயில் ஒரு துளி சோப்பு நீர் விடுங்கள். குமிழி மெல்லப் பெருத்தால் உள்ளிருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. முடுக்கினாலோ மாற்றினாலோ தொல்லை தீரும்.

அங்கே குமிழி இல்லையா? பெரியவர் துணையோடு டியூபைக் கழற்றுங்கள். காற்றடித்து, தண்ணீர் நிறைந்த வாளியில் சிறிது சிறிதாக அமிழ்த்திப் பாருங்கள். துளை கிடைத்ததும் உடனே ஒட்டிவிடாதீர்கள். அது டியூபின் எந்தப் பக்கம் உள்ளது என்று கவனியுங்கள். வெளிப்பக்கம் என்றால் டயரில் முள்ளோ கம்பித் துண்டோ இன்னும் இருக்கலாம். துணியால் உட்புறத்தைத் தடவித் தேடுங்கள். ரிம் பக்கம் என்றால் கம்பி முனை நீண்டிருக்கலாம், அல்லது அதை மூடும் ரிம் டேப் நைந்திருக்கலாம். முனையை அரத்தால் ராவி, டேப்பை மாற்ற வேண்டும். காரணத்தை நீக்காமல் ஒட்டு மட்டும் போட்டால், சில நாளில் அதே இடத்தில் மீண்டும் துளை விழும்.

குமிழியே வராவிட்டால்? அப்போதும் காற்று மிக மெதுவாக வெளியேறலாம். மூலக்கூறுகள் ரப்பரின் ஊடாகவே நுழைந்து செல்கின்றன. நம் தோட்டத்துப் பால்மரம் தரும் இயற்கை ரப்பர் நன்கு இழுபடும். ஆனால் காற்றை அதிகமாகக் கசியவிடும். 1937இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் இருவரும் உருவாக்கிய பியூட்டில் ரப்பரின் மூலக்கூறுகள் நெருக்கமாக அடைந்திருப்பதால், அதில் கசிவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே.

காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது அதிகமாக வளைந்து சூடேறும். உள்ளே டியூப் நழுவினால் வால்வின் அடி கிழிந்து, காற்று ஒரே நொடியில் போய்விடும். விடியற்காலையில் பால் வெட்டப் போகும் இருட்டுப் பாதையில் அது ஆபத்து. ஆகவே இவ்வாரம் வீட்டு வண்டியின் டயர் அழுத்தத்தை ஏழு நாள் அளந்து எழுதுங்கள். ஓடிய டயர் சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எனவே வண்டி புறப்படுவதற்கு முன், காலையில் அளவிடுங்கள். எண்கள் நாள்தோறும் இறங்கினால், ஒரு துளி சோப்பு நீரோடு தேடத் தொடங்குங்கள்.