உருமாறு பொருள்களும் ‘விறைப்பு’ என்னும் கலைச்சொல்லும்

கணினி அசைவூட்டத்தில் துணி, தலையணை, தசை முதலியவற்றை ஒருசேரச் சுட்டுதற்கு ஒரு பெயர் வேண்டப்படுகிறது. ‘மென்பொருள்’ எனின் அது கணினி நிரல்களைச் சுட்டும். ‘மெல்லுடலி’ எனின் நத்தையினத்தைச் சுட்டும். விசைக்கு உட்பட்டு வடிவம் மாறுதல் இவற்றின் பொது இயல்பாதலின் ‘உருமாறு பொருள்’ என்பதே பொருந்தும். பெயரைக் காட்டிலும் இடர் மிக்கது இத்துறையில் வழங்கும் ‘ஸ்டிஃப்னஸ்’ என்னும் சொல்லாகும்.

மீட்சிக் கோட்பாட்டை அசைவூட்டத்திற்குப் பயன்படுத்திய டெர்சோபவுலோஸ் முதலியோரின் கட்டுரை 1987இல் வெளிவந்தது. எளிய முறையொன்றில் பொருள் பல நிறைப்புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, அண்டைப் புள்ளிகள் கற்பனைச் சுருள்விற்களால் பிணைக்கப்படும். வில் நீளும் அளவிற்கேற்ப மீள்விசை மிகும் என்பது ஹூக்கின் விதி. விசைக்கும் நீட்சிக்கும் உள்ள இவ்விகிதமே விறைப்பு. இதன் அலகு மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்பதாம்.

நொடிக்கு 60 படங்கள் காட்டும் நிகழ்நேர அசைவூட்டத்தில் ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே. விறைப்பு மிகுந்தவிடத்துக் காலப்படியைச் சுருக்காவிடின், புள்ளிகள் தம் இடத்தைக் கடந்து மேன்மேலும் விலகி உருவம் சிதறிவிடும்.

இதனைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்றை மத்தியாஸ் முல்லரும் உடன் ஆய்ந்தோரும் 2006இல் முன்வைத்தனர். இம்முறையில் விசை கணிக்கப்படுவதில்லை. புள்ளிகளின் இடங்களே சுற்றுதோறும் நேராகத் திருத்தப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பிழையில் எப்பங்கு நீக்கப்பட வேண்டும் என்பதை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண் குறிக்கும். இதற்கும் ‘ஸ்டிஃப்னஸ்’ என்றே பெயர். ஆயின் இதற்கு அலகு இல்லை. சுற்றுகளைக் கூட்டினால், எண் மாறாதிருக்கவும் பொருள் மேலும் விறைத்துவிடும். 2016இல் மேக்ளின், முல்லர், செந்தனேஸ் ஆகியோர் விறைப்பின் தலைகீழ் மதிப்பைக் காலப்படியோடு இயைத்துக் கணித்து இக்குறையைக் களைந்தனர்.

ஒரு கலைச்சொல்லுக்கு ஒரே நிகரன் என்பது மொழிபெயர்ப்பு நெறி. அந்நெறியை இங்குக் கண்மூடிப் பின்பற்றினால், அலகற்ற எண்ணைப் பொருளின் பண்பாகவே படிப்போர் கொள்வர். எனவே முதலாவதை ‘விறைப்பு’ என்றும், இரண்டாவதைத் ‘திருத்த விகிதம்’ என்றும், விறைப்பின் தலைகீழை ‘இசைவு’ என்றும் வேறுபடுத்தல் தகும். மூலத்தில் சொல் ஒன்றாயினும், அது சுட்டும் அளவை எதுவென ஆராய்ந்தே தமிழ்ச்சொல்லைத் தெரிதல் வேண்டும்.