டேங்கர் கப்பல் வேலை: காலி டேங்க் ஏன் ஆபத்து? பாதுகாப்புப் பயிற்சியில் என்ன சொல்லித் தர்றாங்க?

2004 பிப்ரவரி 28. சுமார் 32 லட்சம் கேலன் எத்தனாலுடன் நியூயார்க்கில் இருந்து ஹூஸ்டன் நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'பவ் மரைனர்' என்ற கெமிக்கல் டேங்கர், அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் வெடித்து மூழ்கியது. கப்பலில் இருந்த 27 பேரில் உயிர் பிழைத்தது 6 பேர் மட்டும்தான்.

புயல் இல்லை, மோதல் இல்லை. அப்புறம் எப்படி?

என்ன நடந்தது?

எம்டிபிஇ என்ற பெட்ரோல் கலவைப் பொருளை நியூயார்க்கில் இறக்கியிருந்தது அந்தக் கப்பல். காலியான டேங்குகளைக் கழுவ வேண்டும். 22 டேங்குகளின் மூடியையும் திறக்கச் சொன்னார் கேப்டன். உள்ளே மிச்சமிருந்த ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே போகாமல் டெக்கிலேயே தேங்கியது. பொறி எங்கிருந்து வந்தது என்பதை விசாரணையால்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாதுகாப்பு நடைமுறைகள் பேப்பரில் மட்டுமே இருந்ததையும், மேலதிகாரிகளைக் கேள்வி கேட்க ஊழியர்கள் பயந்ததையும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கை சுட்டிக்காட்டியது.

யாருக்கு என்ன பயிற்சி?

மாலுமிகளின் பயிற்சிக்கான சர்வதேச உடன்படிக்கை 1978-ல் வந்தது. 2010-ல் மணிலாவில் திருத்தப்பட்டது. அதன்படி எண்ணெய், கெமிக்கல் டேங்கர்களுக்கு ஒரு பயிற்சி, திரவ எரிவாயுக் கப்பல்களுக்குத் தனிப் பயிற்சி. இரண்டிலுமே இரண்டு நிலைகள் உண்டு.

சரக்கு தொடர்பான பொறுப்புள்ள எல்லா ஊழியர்களுக்கும் அடிப்படை நிலை. கேப்டன், சீஃப் ஆபீசர், சீஃப் இன்ஜினியர், செகண்ட் இன்ஜினியர், அப்புறம் சரக்கை ஏற்றி இறக்குவதற்கு நேரடிப் பொறுப்பு வகிப்பவர்களுக்கு உயர்நிலை. உயர்நிலைச் சான்றிதழுக்கு கிளாஸில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, டேங்கரில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். இந்தியாவில் டாஸ்கோ, கெம்கோ, காஸ்கோ என்று மாணவர்கள் சொல்வது இந்த உயர்நிலை கோர்ஸ்களைத்தான்.

கிளாஸ்ல என்ன இருக்கு?

முதல் பாடம்: காலி டேங்க் காலி இல்லை. பெட்ரோலிய ஆவி காற்றில் சுமார் 1 முதல் 10 சதவீதம் கலந்திருந்தால் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்கில்தான் அந்தக் கலவை உருவாக வாய்ப்பு அதிகம். அதனால்தான் மந்த வாயுவைச் செலுத்தி, உள்ளே ஆக்சிஜனை 8 சதவீதத்தைத் தாண்டாமல் வைக்கிறார்கள்.

இரண்டாவது பாடம்: மூக்கை நம்பாதே. கச்சா எண்ணெயில் இருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை மாதிரி நாறும். ஆனால் அளவு கூடினால் மோப்ப சக்தியையே மரத்துப்போக வைத்துவிடும். 'நாத்தம் போயிடுச்சு'ன்னு நினைக்கிற நேரம்தான் உண்மையான ஆபத்து. நம்ப வேண்டியது கேஸ் மீட்டரை மட்டும்தான்.

மூன்றாவது பாடம்: ஓடிப்போய்க் காப்பாற்றாதே. டேங்குக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், பார்த்தவர் பதறி உள்ளே குதிப்பார். அவரும் விழுவார். மூடிய இடங்களில் நடக்கும் மரணங்களில் இது திரும்பத் திரும்ப வரும் கதை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். மீட்டரில் அந்த அளவு வராமல் உள்ளே இறங்கக் கூடாது. மீட்கப் போகிறவருக்கு முதலில் சுவாசக் கருவி, அப்புறம்தான் மற்றதெல்லாம். 2015 முதல் இந்த மீட்பு ஒத்திகையை 2 மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் செய்தே ஆகவேண்டும்.

சேர்வதற்கு முன் எதைப் பார்க்கணும்?

பயிற்சி மையத்துக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா, ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு அதே இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். 'கிளாஸுக்கு வர வேண்டாம், சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பணம் போவது மட்டுமல்ல, அந்தச் சான்றிதழோடு டேங்க் மூடியைத் திறக்கப் போவது நீங்கள்தான்.

'சார், மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சா?' என்று கேப்டனிடமே கேட்கும் தைரியம்தான் இந்தப் பயிற்சியின் நிஜமான பலன். பவ் மரைனரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.