கல்லாப் பெட்டியும் கால் மூட்டும்



விம்கோ நகரில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர், தென் மாவட்டத்திலிருந்து இளவயதில் வந்து, கடைப் பையனாக இருந்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். அண்மையில் நாம் அவர் கடையில் நின்றிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் மேல் தட்டில் இருந்த ஊறுகாய் பாட்டிலைக் கேட்டார். "சரக்கு தீர்ந்துபோச்சு அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரக்கு இருந்தது. முக்காலியில் ஏறத்தான் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "வியாபாரம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டோம். "ஒரு குறையும் இல்லை" என்றார். கணக்கேடும் அதையே சொல்லும்.

கணக்கேட்டில் ஏறாத இந்த நஷ்டத்தை எப்படி அளப்பது? இதற்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சிகள் இரண்டு விடை தருகின்றன. ஒன்று மூட்டுவாதத்தைப் பற்றியது. மற்றொன்று வியாபாரத்தைப் பற்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றினாலும் இரண்டும் நமக்குச் சொல்வது ஒன்றுதான்.

மூட்டுக்கு 24 கேள்விகள்

மூட்டுத் தேய்வை எக்ஸ்ரே படத்தில் பார்த்து 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வகுத்தனர். இன்றும் அது வழக்கில் உள்ளது. ஆனால் படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் அதிகம் தேய்ந்த மூட்டோடு சிலர் நன்றாக நடக்கிறார்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாத சிலர் வலியால் துடிக்கிறார்கள்.

ஆகவே நோயாளியையே கேட்டு அளக்கும் முறை ஒன்று 1982-இல் கனடாவில் உருவானது. வெஸ்டர்ன் ஒன்டாரியோ, மெக்மாஸ்டர் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெயரால் அது 'வோமாக்' எனப்படுகிறது. அதில் வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாட வேலை பற்றி 17 என மொத்தம் 24 கேள்விகள். மாடிப்படி இறங்க முடிகிறதா, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடிகிறதா, கடைத்தெருவுக்குப் போய்வர முடிகிறதா என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏறத் தொல்லை அதிகம் என்று பொருள்.

காலுறை மாட்ட முடிகிறதா என்ற கேள்வியும் அதில் உண்டு. செருப்போடு வியாபாரம் செய்யும் நமக்கு அது பொருந்தாது. இதை உணர்ந்து புனேயில் உள்ள வாதநோய் மையம், நம் நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப இதை மாற்றி அமைத்துக்கொண்டது.

வாழ்க்கைக்காகக் கடை வைத்தவர்கள்

வெளியிலிருந்து வந்தவர் தொழில் செய்வது நம் பகுதிக்குப் புதிதல்ல. விம்கோ நகர் என்ற பெயரே, 1923-இல் சுவீடன் நாட்டுக்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டி நிறுவனத்தால் வந்ததுதான். அவர்கள் இலாபத்துக்காக வந்தார்கள். நம் அண்ணாச்சிமார் வயிற்றுப்பாட்டுக்காக வந்தார்கள். மூன்றாவது வகையினரும் உண்டு. பிடித்த இடத்தில் பிடித்தபடி வாழ வேண்டும் என்பதற்காகவே ஊர் மாறி, அந்த வாழ்க்கையை நடத்தத் தொழில் வைப்பவர்கள். புதுச்சேரிக்கு அருகே, 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், பல நாடுகளிலிருந்து வந்து ஊதுவத்தி, கைவினைப் பொருள், துணி என்று தொழில் நடத்துபவர்களை இவ்வகைக்கு நெருங்கியவர்களாகச் சொல்லலாம்.

இத்தகையோரைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்து வருகின்றன. நியூசிலாந்தில் சிறு சுற்றுலாத் தொழில் நடத்துபவர்களைப் பற்றி 2000-இல் வெளிவந்த அடெலியெவிச், டோர்ன் ஆகியோரின் ஆய்வு பேர்பெற்றது. தொழிலைப் பெருக்க வாய்ப்பிருந்தும் சிலர் தெரிந்தே சிறிதாக வைத்துக்கொள்கிறார்கள் என்று அது காட்டியது. பெருக்கினால், எந்த வாழ்க்கைக்காகத் தொழில் தொடங்கினார்களோ அது கைநழுவிப் போகும் என்பது அவர்கள் கணக்கு.

இது நமக்கு அப்படியே பொருந்தாது என்பதை மறைக்கவில்லை. கடன் வாங்கிக் கடை போட்டவர், பிள்ளை படிப்பையும் மகள் கல்யாணத்தையும் சுமப்பவர், வியாபாரத்தைச் சுருக்க முடியாது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியை நாமும் கேட்கலாம். இந்தக் கடை நம்மை வாழ வைக்கிறதா?

எக்ஸ்ரே படம் மூட்டைக் காட்டும். மனிதனின் நடையைக் காட்டாது. கணக்கேடு இலாபத்தைக் காட்டும். முதலாளியின் வாழ்க்கையைக் காட்டாது. அவரையே கேட்டால்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை இருப்புக் கணக்கு

ஆகவே, சரக்கு இருப்பு எடுக்கும் நாளில் உடம்பின் இருப்பையும் எடுக்க வேண்டுகிறோம். நமக்கேற்ற 5 கேள்விகள் இதோ: தரையில் குந்தி எழ முடிகிறதா? முக்காலியில் ஏற முடிகிறதா? ஒரு மணி நேரம் நிற்க முடிகிறதா? காலையில் மூட்டு விறைப்பில்லாமல் இருக்கிறதா? இரவில் வலியின்றித் தூக்கம் வருகிறதா? சிரமம் இல்லையென்றால் 0, மிகக் கடுமை என்றால் 4. இது நாமே வகுத்த குறிப்பு. மருத்துவ அளவுகோல் அல்ல. மாதாமாதம் எண் ஏறினால் அந்த நோட்டையே மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். அதற்குத் தாமதமின்றிச் சிகிச்சை வேண்டும். வலி மாத்திரையைத் தாமாகவே வாங்கி நாள்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அடிக்கடி விற்கும் சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள். கல்லாவில் உயரமான நாற்காலி போடுங்கள். 50 கிலோ சர்க்கரை மூட்டையைத் தள்ளுவண்டியில் நகர்த்துங்கள். குந்துவதும் பளு தூக்குவதும் சேர்ந்த வேலை முழங்கால் தேய்வை வளர்க்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. உடல் எடை கூடியவர்கள் 1 கிலோ குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை 4 கிலோ குறைகிறது என்று அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வு 2005-இல் கண்டது. இதைவிட நல்ல வட்டி எந்த முதலீட்டில் உண்டு?

நம் உறுப்பினரிடம் இதையெல்லாம் சொன்னோம். அடுத்த வாரம் போனபோது ஊறுகாய் பாட்டில்கள் கல்லாவுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. "நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறேன், கடையை மகன் பார்த்துக்குவான்" என்றார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். உறுப்பினர்கள் இந்த மாத இருப்புக் கணக்கிலேயே தொடங்குவார்களாக.