பேராதனையில் பெயர் வாங்கிய களை
(நீருக்கடியில் ஒரு நாடு – தொடர் 11)

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்றொரு ஊற்றாறு. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து பொங்கும் நீர், கோடையோ குளிரோ, ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. 1993இல் அந்த ஆற்றில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு செடி கண்ணில் பட்டது. பழுப்பும் பச்சையும் கலந்து, விளிம்பு நெளிந்த இலை. பெயர் கிரிப்டோகோரைன் பெக்கெட்டி. சொந்த ஊர் இலங்கை. அந்தப் பெயரைச் சூட்டியவர் பேராதனைப் பூங்காவை 1849இலிருந்து 1880வரை நடத்திய துவைற்ஸ். அடுத்து வந்த ட்ரைமன் 1885இல் அதை முறைப்படி அச்சேற்றினார். பெயரில் உள்ள பெக்கெட் இங்கே வாழ்ந்த ஒரு தோட்டத்துரை.

சென்ற வாரம் கெல்ப் காடுகளைப் பார்த்தோம். குளிர்ந்த கடல் கேட்கும் பாசி அது. 28 பாகையில் கிடக்கும் நம் கடலில் வளராது. திருகோணமலைக்குப் போனால் முருகைக்கல் உண்டு, கெல்ப் கிடையாது. ஆனால் நீருக்கடியில் அசையும் காடு ஒன்றைப் பார்க்கக் கடல்தான் வேண்டும் என்றில்லை.

சான் மார்க்கோசில் அப்படியொரு காடு இருக்கிறது. டெக்சஸ் காட்டு நெல் என்பார்கள். நீரோட்டத்தில் நாடா நாடாவாகப் படுத்து ஆடும் நீண்ட இலைகள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்த ஆற்றின் தலைப்பகுதியில் சில கிலோமீற்றர்தான் அதன் முழு உலகம். 1933இல் தனி இனமாக விவரிக்கப்பட்டபோது தாராளமாக இருந்தது. பிறகு தேய்ந்து தேய்ந்து, 1978இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலுக்கு வந்தது. அதன் இடத்துக்குள்தான் நம்மூர்ச் செடி நுழைந்தது. யாரோ மீன்தொட்டிச் செடியை ஆற்றில் கொட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணிப்பு.

கையால் பிடுங்கிப் பயனில்லை. மண்ணுக்குள் கிழங்குத் துண்டு ஒன்று தங்கினாலும் மறுபடி முளைக்கும். ஆகவே நீருக்குள் இறங்கி, உறிஞ்சு குழாயால் சேற்றோடு சேர்த்து வேரை இழுத்தெடுத்தார்கள். பின்னர் நாற்றகத்தில் வளர்த்த காட்டு நெல்லை ஆற்றுத்தரையில் நட்டார்கள். ஊற்று ஏரியில் பயிற்சி பெற்ற தொண்டர் சுழியோடிகள் இன்றும் ஸ்கூபா மூச்சுக்கருவியோடு இறங்கிக் களை எடுக்கிறார்கள். நெல் மீண்டு வருகிறது. மகிழ்ச்சிதான். நாம் பெருமைப்பட வேண்டிய செடி அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி இங்கே வருவோம். மகாவலி மூன்று பக்கமும் வளைத்தோடும் நிலத்தில்தான் பேராதனைப் பூங்கா இருக்கிறது. கிரிப்டோகோரைன்களுக்கு அந்தப் பூங்காக்காரர்கள் பெயர் வைக்க ரொம்பத் தூரம் நடந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பேரினத்தின் மிகச் சிறிய உறுப்பான பார்வா, கண்டி, மாத்தளைப் பக்கத்து ஓரங்களில் விரல் நீள இலையோடு தரையை மூடிக் கிடக்கும். வில்லிசி என்றொன்று, பூங்காவின் இன்னொரு தலைவரான வில்லிஸ் பெயரில். அது தனி இனமல்ல, இங்குள்ள இனங்கள் தங்களுக்குள் கலந்த கலப்பு என்று டென்மார்க்கின் நீல்ஸ் யாக்கப்சன் இனங்களைக் கலப்புச் செய்து காட்டினார். இவையெல்லாம் இன்று ஜெர்மனியிலும் யப்பானிலும் மீன்தொட்டி வைத்திருப்பவனுக்கு வீட்டுப் பெயர்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று கேட்டுப்பாருங்கள், யாருக்கும் தெரியாது.

பார்ப்பதற்கு ஸ்கூபாவும் வேண்டாம். முழங்கால் ஆழ ஓடையில் முகமூடியும் சுவாசக்குழாயும் போட்டுக் குப்புறப் படுத்தால் போதும். கடலில் ஐந்து மீற்றர் இறங்குவதற்குள் சிவப்பு நிறத்தின் பெரும்பகுதியை நீர் விழுங்கிவிடும்; கெல்ப் படமெடுப்பவர்கள் செயற்கை ஒளியைச் சுமப்பது அதனால்தான். ஓடையில் வெயிலே போதும், இலையின் செம்பழுப்பு அப்படியே படத்தில் விழும். அகலக்கோண வில்லையை இலைக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அடியிலிருந்து மேலே பார்த்தால் சுமார் 97 பாகை விரிந்த ஒரு வட்டத்துக்குள் மட்டுமே வானமும் கரையோர மூங்கிலும் தெரியும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகிச் செடிகளையே தலைகீழாகக் காட்டும். இந்த ஒரு படத்துக்காகவே நான் மணிக்கணக்காக நனைந்திருக்கிறேன்.

எதிரி சேறு. காலை ஊன்றினால் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது, எனவே ஓட்டத்துக்கு எதிர்த்திசையில்தான் நகர வேண்டும். தைக்குப் பின் பங்குனிவரை நீர் தெளியும், மட்டமும் இறங்கும். இந்தச் செடி பூப்பதும் அப்போதுதான். பூவின் குழாய்க்குள் சிற்றீக்கள் விழுந்து அகப்படும். மகரந்தத்தைப் பூசிக்கொண்ட பிறகே அவற்றுக்கு விடுதலை. மேலே மழையென்றால் இறங்காதீர்கள். உடம்பில் காயம் இருந்தாலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

இந்தச் செடிக்கும் ஆபத்து உண்டு. கண்டி வாவியின் உபரிநீரும் நகரத்தின் கழிவும் மெத எல வழியே கெட்டம்பேயில் மகாவலியில் சேர்கின்றன. மணல் அள்ளுகிறார்கள். 1976இல் பொல்கொல்லை அணைக்கட்டு வந்தபின் அதற்கு மேற்புறத்தில் ஓட்டம் தணிந்துவிட்டது. இத்தனைக்கும் கிரிப்டோகோரைன் லேசில் சாகிற செடியில்லை. நீர் திடீரென மாறினால் இலையெல்லாம் கூழாகிக் கரையும். மீன்தொட்டிக்காரர்கள் பதறிப் பிடுங்கி எறிவார்கள். பொறுத்திருந்தால் சில வாரத்தில் கிழங்கிலிருந்து புதுத் தளிர் வரும். கிழங்கைத் தாங்கும் தரையையே வாரிக்கொண்டு போனால்தான் திரும்ப வழியில்லை.

டெக்சசில் காட்டு நெல்லின் பரப்பை வருடாவருடம் அளக்கிறார்கள். பேராதனை மாணவர்கள் நாலு பேர், ஓர் ஓடையில் ஒரே கல்லில் அடையாளமிட்டு, மாதம் ஒருமுறை அதே கோணத்தில் நீருக்கடியில் படமெடுத்து வந்தால், செடி பரவுகிறதா ஒடுங்குகிறதா என்று ஐந்து வருடத்தில் தெளிவாகிவிடும். செலவு ஒரு சாதாரண நீர்புகாக் கமரா.

அடுத்த வாரம் நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் அம்பன் கங்கைக்குப் போகிறோம். அங்கே ஒரு கெண்டை மீன் இருக்கிறது. அதற்கு ஒரு சுழியோடியின் பெயர்.