நீருள் மறைந்த நகரும் நினைவுக் களஞ்சியமும்

பல்லேகலவுக்குக் கிழக்கே, மகியங்கனை வீதியின் அயலில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் எழுந்த அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. நாடு மின்னாற்றல் பெற்றது. ஓர் ஊர் நீருள் மறைந்தது. அவ்வூரின் வரலாறும், அங்கிருந்த வயல், மரம், ஆற்றங்கரை ஆகியவற்றின் தோற்றமும் இன்று பழைய வரைபடங்களிலும், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் நிழற்படங்களிலும், முதியோர் நினைவிலுமே எஞ்சியுள்ளன.

ஒரே பிரதியாக உள்ள பொருள் எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகமே சான்று. 1981இல் அங்கு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்டன. அவற்றோடு அழிந்த ஏட்டுச் சுவடிகள் மீளவில்லை. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, எவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்தது.

கண்டிப் பகுதிக்கும் இம்முறை பொருந்தும். நிழற்படத்தை மின்வருடியாற் படியெடுத்தல் எளிது. பிரதிகளைப் பல இடங்களில் வைத்தலும் இயலும். அது எந்த இடம், எந்த ஆண்டு, அங்கே தெரியும் கோயில் யாது என்று குறித்துவைப்பதே அரிய பணி. குறிப்பில்லாத படத்தைத் தேடுவோர் கண்டெடுக்க மாட்டார். அக்குறிப்பைச் சொல்லவல்ல முதியோரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். ஆதலால், முதலிற் செய்யத்தக்கது பெட்டியைத் திறந்து, வீட்டின் மூத்தவரிடம் கேட்டு எழுதிவைப்பதேயாகும்.