தெளிந்த தண்ணீரில் ஓர் இராச்சாப்பாடு

லெம்பா பெர்த்தாமிலிருந்து புத்ராஜெயா ஏரிக்கு ஒரு படகுப் பயணம்

படகு துறையை விட்டு நகர்ந்து பத்து நிமிடம் இருக்கும். பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. எங்கள் மேசையில் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டோம். பெரியம்மா மட்டும் சோற்றில் கை வைக்காமல், கண்ணாடிக்கு வெளியே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியம்மா, சாப்பாடு பிடிக்கலையா?"

"சாப்பாட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. இவ்ளோ தண்ணிய எங்கப்பா கட்டி வச்சிருக்காங்க? தொறந்து விட்டா யாரு வீட்டுக்குப் போவும்?"

புத்ராஜெயாவில் மாலை விருந்துப் படகேறுகிறவர்கள் மசூதியின் இளஞ்சிவப்புக் கும்மட்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். பாலம் எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். திறந்துவிட்ட தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டவர், லெம்பா பெர்த்தாமில் ஆற்றோரம் குடியிருக்கும் என் பெரியம்மா.

அணைக்குக் கீழே ஓர் ஊர்

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் ரிங்லெட்டைத் தாண்டித் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் ஏறிப் போய்விடுவார்கள். ரிங்லெட்டிலிருந்து கீழே பிரியும் சாலையில் இறங்கினால் எங்கள் லெம்பா பெர்த்தாம். பிரிஞ்சாங் பக்கம் பிறக்கும் பெர்த்தாம் ஆறு தானா ராத்தா, ஹாபு, ரிங்லெட் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் எங்களிடம் வரும். அதற்குப் பிறகு தெலோம் ஆற்றோடு கூடி, ஜெலாய் என்று பெயர் மாறி, கடைசியில் பகாங் ஆறாகித் தென்சீனக் கடலில் விழும்.

இந்த மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை வெட்டி, சரிவில் செடி வைத்து, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பெரியம்மாவும் முதுகில் கூடையோடு வளர்ந்தவர்தான். அவர் சிறுமியாக இருந்தபோதே, 1963இல், ரிங்லெட்டில் சுல்தான் அபூபாக்கார் அணை எழுந்தது. பெர்த்தாம் ஆற்றை மறித்து நிறுத்திய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி, நிலத்தடியில் இருக்கும் சுல்தான் யூசுப் மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. பகாங்கில் பெய்த மழை பேராக்கில் விளக்கெரிக்கிறது.

அணைக்குக் கீழே ஆறு மெலிந்தது. மெலிந்த ஆற்றையே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அகலமான படுகை காலி நிலமாகத் தெரிந்தது. அங்கே காய்கறித் தோட்டங்கள் வந்தன, கொட்டகைகள் வந்தன, பிறகு வீடுகளும் வந்தன. மேட்டிலோ காடு அழிந்து காய்கறிப் பண்ணையாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழையும் அந்தச் சிவந்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, அணைக்குப் பின்னால் தேங்கிய ரிங்லெட் ஏரியில் கொட்டியது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தின் பெரும்பகுதியை வண்டல் பிடித்துக்கொண்டது.

2013 அக்டோபர் 23ஆம் தேதி, ஊர் உறங்கும் நேரத்தில், விடாத மழையில் ஏரி நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டன. மெலிந்த ஆறு தன் பழைய அகலத்தைத் தேடி வந்தது. வீடுகளும் கார்களும் போயின. மனித உயிர்களும் போயின. அடுத்த ஆண்டு நவம்பரிலும் ரிங்லெட்டும் லெம்பா பெர்த்தாமும் மண்வெள்ளத்தில் மூழ்கின. அன்றிலிருந்து பெரியம்மா ஆற்றுப்பக்கச் சன்னலை மூடித் தூங்கியதில்லை. மலைக்குளிர் எலும்பைத் துளைத்தாலும் ஒரு சாண் திறந்தே இருக்கும். ஆற்றின் சத்தம் காதில் விழ வேண்டும் அவருக்கு.

படகில் ஒரு மாலை

பள்ளி விடுமுறையில் மூன்று வேன்களில் கிளம்பினோம். தாப்பா மலைச்சாலையின் வளைவுகளில் பிள்ளைகள் இருவர் வாந்தியெடுத்தார்கள். நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே வந்து, வெயில் தாழும் நேரத்தில் புத்ராஜெயா சேர்ந்தோம். படகுத்துறை புத்ரா சதுக்கத்துக்கு அருகே, புத்ரா பாலத்தின் அடியில் இருக்கிறது. போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: முன்பதிவு செய்துவிட்டு, ஏழு மணிக்கு முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். இங்கே சூரியன் மறைய ஏழேகால் போல ஆகும். வானம் சிவந்து, ஊதாவாகி, கறுப்பதற்குள் விளக்குகள் ஏற்றப்படும் அந்த அரைமணி நேரத்துக்காகவே இந்தப் பயணம் போகலாம்.

முதலில் தெரிவது புத்ரா மசூதி. 1999இல் கட்டி முடித்த அதன் கும்மட்டம் இளஞ்சிவப்புக் கருங்கல் நிறத்தில் தண்ணீருக்குள் தலைகீழாய் ஆடுகிறது. பக்கத்து மேட்டில் பச்சைக் கும்மட்டத்தோடு பிரதமர் அலுவலகம். ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்துக் காஜூ பாலத்தை மனத்தில் வைத்துக் கட்டிய புத்ரா பாலம் 435 மீட்டர் நீளம். அதைக் கடந்து போனால், விரித்த பாய்மரம் போலக் கம்பிகள் இழுத்துக் கட்டிய ஸ்ரீ வவாசான் பாலம். ஒவ்வொரு பாலத்தின் அடியில் நுழையும்போதும் பிள்ளைகள் கூவினார்கள். பாலம் திருப்பிக் கூவியது.

உள்ளே வரிசையாகச் சூடான தட்டங்களில் சோறு, மீன் குழம்பு, கோழிப் பொரியல், மீ கோரெங், சாத்தே, பழங்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்து சன்னலோரம் உட்காரலாம். மலையில் இருட்டினால் கதவடைத்துப் படுத்துவிடுகிற எங்களுக்கு, இரவு தண்ணீர் மேல் உட்கார்ந்து குடும்பத்தோடு சாப்பிடுவது பெரிய காரியம். அந்த மகிழ்ச்சியை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேர்வை சிந்தி வாழ்கிறவர்களுக்கு ஒருநாள் அழகான இடத்தில், ஒருவர் பரிமாற, நிதானமாய்ச் சாப்பிடக் கிடைக்க வேண்டும்.

பால்மரக்காடு இருந்த இடம்

எங்களோடு படகில் இன்னொருவர் இருந்தார். பெரியம்மாவின் தம்பி முறை, எனக்கு மாமா. இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டியவர். இப்போது தெங்கிலில் இருக்கிறார். இருபது நிமிட தூரத்தில் குடியிருந்தும் இந்தப் படகில் அவர் ஏறியது அன்றுதான் முதல்முறை.

இந்த நகரம் எழுவதற்கு முன் இங்கே இருந்தவை ரப்பரும் செம்பனையும். பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று தோட்டங்கள். பிராங் பெசார் என்றால் பெரும்போர். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921இல் தொடங்கியதால் வந்த பெயர் அது. ரப்பர் உலகத்தில் அந்தத் தோட்டத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதிகம் பால் தரும் ஒட்டுக்கன்றுகளை அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பிபி 86 என்ற ரகத்தைத் தெரியாத பழைய ரப்பர்காரர் இருக்க முடியாது. அந்த 'பிபி' பிராங் பெசாரின் முதலெழுத்துகள்தாம். விடியற்காலையில் தலைவிளக்கோடு அந்த மரங்களைச் சீவியது தமிழ்க் கைகள்.

1995இல் நகரப்பணி தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் குடிவந்தது. 2001இல் புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசமானது. தோட்டத்துக் குடும்பங்கள் தெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அந்தச் சுவர்களில் விரிசல் விழுந்தது. நிலத்தோடு கூடிய சொந்த வீட்டுக்காக அவர்கள் கால்நூற்றாண்டு மனுக் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

"உங்க லயம் எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டேன்.

எழுந்து நின்று இரண்டு கரையையும் பார்த்தார். "மேடு இருந்தா சொல்லிடலாம். மேட்டையே மாத்திட்டாங்க. கோயிலுக்கு எதிர்த்தாப்புல ஒரு பள்ளம், அதுல ஒரு ஓடை. அந்த ஓடைதான் இப்ப இதுக்குள்ள எங்கேயோ இருக்கும்."

பிறகு உட்கார்ந்து, குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். படகு திரும்பும் வரை அவர் பேச்சு அந்த ஓடையைப் பற்றியே இருந்தது. அதில் கெண்டை பிடித்தது, அம்மாவோடு துணி துவைத்தது, வேலை முடிந்து கால் கழுவியது.

நாணல் செய்யும் வேலை

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இந்த ஏரி இயற்கை தந்ததல்ல. சுவாவ், பிசா என்ற இரண்டு சிற்றாறுகளைத் தெற்கு முனையில் அணைகட்டி நிறுத்தியதுதான் இந்த 400 ஹெக்டர் தண்ணீர். நிரம்பி வழிவது லங்காட் ஆற்றை நோக்கிப் போகிறது. ஆக, பெரியம்மா நினைத்தது சரி. எங்கள் ரிங்லெட் ஏரியும் இதுவும் ஒரே வகை. இரண்டும் மறித்து வைத்த ஆறுகள்.

பிறகு ஏன் இந்தத் தண்ணீரில் விருந்து வைக்க முடிகிறது? ஏரி நிரம்புவதற்கு முன்பே மேட்டில் ஒரு வேலை நடந்தது. 1997, 98இல், ஆறுகள் இறங்கி வரும் வழியெங்கும் சுமார் 200 ஹெக்டரில் ஈரநிலம் அமைத்தார்கள். சிறு சிறு தடுப்பணைகளால் பிரித்து, படிப்படியாக 24 பாத்திகள். ஒவ்வொன்றிலும் நாணலும் கோரையும் இலட்சக்கணக்கில் நட்டார்கள். மேலே இருந்து வரும் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மண் அடியில் தங்கும். கரைந்து வரும் உரச்சத்தை நாணலின் வேர் உறிஞ்சிக்கொள்ளும். கடைசிப் பாத்தியைத் தாண்டி ஏரிக்குள் இறங்கும்போது, சுமையை இறக்கிவைத்த ஆளைப் போல வருகிறது தண்ணீர். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும் இருட்டில் அந்த நாணல்கள் எங்களுக்காக வேலை செய்துகொண்டிருந்தன.

எந்த நகரத்தில் ஆற்று விருந்து நடந்தாலும் கதை இப்படித்தான் மேட்டில் தொடங்குகிறது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இன்று மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த கரை அது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார். நீர்ப்பிடிப்புப் பகுதியின் பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. அங்காடிக் கடைகளுக்கு வேறு இடம் தரப்பட்டது. 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987இல் ஆறு தெளிந்தது. அங்கும் மேட்டில் வேலை நடந்தது, அங்கும் சிலர் இடம்பெயர்ந்தார்கள். தெளிந்த தண்ணீருக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, மேலிருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை. மற்றது, அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் விட்டுக்கொடுத்த வாழ்வு. முதல் விலையை எல்லாரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். இரண்டாவதைக் கொடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுக்கு வீடும் மனையும் தருவது கருணையாகாது, அது பாக்கி தீர்ப்பது.

பெர்த்தாமுக்கு வேண்டியது

எங்கள் ஆற்றில் விருந்துப் படகு விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாறையும் சரிவுமான மலையாறு அது. நான் கேட்பது அந்த நாணலை. பண்ணைகளின் கீழ்வரம்பில் மண்ணைத் தேக்கும் குழிகளை, ஓடைகளின் இரு கரையிலும் வெட்டாமல் விட்ட புல்பட்டையை, ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் யாரும் கொட்டகை போடாத ஒழுங்கை. பண்ணைகளை மூடிய பிளாஸ்டிக் கூரைகளின் மேல் பெய்யும் மழை ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் ஓடைக்குப் பாய்கிறது. அதை நிறுத்தி மெல்ல விடத் தொட்டிகள் வேண்டும். ரிங்லெட் ஏரியில் வண்டலை வாரிக்கொண்டே இருக்கிறார்கள். மேட்டில் மண் சரிந்துகொண்டே இருந்தால் அந்த வாரலுக்கு முடிவே இல்லை.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. தேயிலைக்காரர்கள் எந்நாளும் செய்ததுதான். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, செடியை நெருக்கி நட்டு, வெறும் மண் வெயிலுக்கும் மழைக்கும் தெரியாதபடி மூடி வைத்தார்கள். வேரூன்றிய தேயிலை மலையைப் பிடித்து நிற்கும்.

இதையெல்லாம் படகில் பெரியம்மாவுக்குச் சொன்னேன். ஒவ்வொரு பாத்தியாய்க் கைவிரலில் எண்ணிக் கேட்டுக்கொண்டார். "அப்ப மொதல்ல புல்ல நட்டுட்டுத்தான் தண்ணிய நிறுத்தியிருக்காங்க" என்றார். "நமக்கு அணை கட்டி அறுபது வருசம் ஆச்சு. இனிமேயாச்சும் நடலாமே."

பிறகு எழுந்து பின்பக்கத் திறந்த தளத்துக்குப் போனார். குளிருமே என்று சால்வையோடு பின்னால் போனேன். கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார். "கண்ணாடிக்குள்ள சத்தமே கேக்கல" என்றார். இயந்திரத்தின் ஓசைக்கு அடியில், படகு பிளந்த தண்ணீர் மெல்லச் சலசலத்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து ஆறிப்போன சோற்றை முழுக்கச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை ரிங்லெட் ஏரியை ஒட்டி வேன் திரும்பியபோது மலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏரி தே தாரேக் நிறத்தில் கிடந்தது. இப்போது மதகு திறக்குமுன் அபாயச் சங்கு ஒலிக்கிறது என்பது ஊருக்கே தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும். அன்றிரவும் ஆற்றுப்பக்கச் சன்னலை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுத்தான் படுத்தார்.